மணலிலிருந்து கைப்பேசி வரை: விழுப்புரம் பக்கத்து ஆசிரியர் பயிற்சியின் கதை

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பி.எட். படிக்கும் ஒரு பெண்ணுக்கு, கற்பித்தல் பயிற்சிக்காகப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூக அறிவியல் பாடம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்க்கதையைச் சொன்னால் கவனிப்பார்கள் என்று செஞ்சிக் கோட்டையைத் தேர்ந்தெடுக்கிறார். திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் கோட்டை வந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே கைப்பேசியில் கோட்டை வந்துவிடுகிறது! தேசிங்கு ராஜன் என்று தட்டினால் போதும். படம், பாட்டு, குதிரை, கண்ணீர் எல்லாம் அரை நிமிடத்தில் கிடைக்கும். அதில் எது வரலாறு, எது கூத்து, எது 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல யாரும் இல்லை.

தேசிங்கு உண்மையில் வாழ்ந்தவர்தான். தேஜ்சிங் என்ற பெயர்தான் தமிழர் வாயில் தேசிங்கு ஆனது. தந்தை சொரூப்சிங் இறந்தபின் செஞ்சியில் அமர்ந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714இல் போரில் மடிந்தார். ஓராண்டுகூட ஆளவில்லை. ஆனால் கோட்டையே அவர் கட்டியது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர் வருவதற்கு முன்பே அந்தக் கோட்டை விஜயநகர நாயக்கர்களையும், பீஜப்பூர் சுல்தானையும், 1677இல் சிவாஜியையும், 1698இல் மொகலாயப் படையையும் பார்த்து முடித்துவிட்டது. தேசிங்குக்குப் பின் 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் பிடித்தார்கள். 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்பு' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சிதான்.

நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிற அந்தப் பயிற்சி ஆசிரியை எதைச் சொல்வார்? எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்வாரா? கோட்டையின் படத்தை யார் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளை ஆசிரியர் பயிற்சி வகுப்பில் எப்போது கேட்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு தனி வரலாறு.

திண்ணையும் மணலும்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்கும் 'தொழில்நுட்பத்துக்கும்' உள்ள தொடர்பைத் தேடிப்போனால் முதலில் வருவது கணினி அல்ல, மணல். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகினார்கள். தேர்ந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அழித்து எழுத ஒரு தடவு தடவினால் போதும், செலவு ஒன்றுமில்லை. வகுப்பில் மூத்த பையன் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் வாத்தியார்.

1787இல் இந்தியாவுக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றார். அங்கே இருந்த ஆசிரியர்கள் புதிய முறை எதற்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். 1811இல் இங்கிலாந்தில் தொடங்கிய நேஷனல் சொசைட்டி தன் பள்ளிகளில் அதைப் பரப்பியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர், இந்த முறை தன்னுடையது என்றார். இரண்டு பேரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள்!

பெல் தான் பார்த்ததை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். ஆனாலும் நூல்களில் பெல்லின் பெயர் நின்றது, லங்காஸ்டரின் பெயர் நின்றது. மணலைப் பரப்பி உட்கார்ந்திருந்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் நிற்கவில்லை. 'இது யாருடையது' என்ற கேள்வி இணையம் வந்த பிறகு முளைத்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சண்டையைப் படித்துப் பார்க்கலாம்.

1856இல் சென்னையில் அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதுதான் பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. அடுத்த நூறு ஆண்டுகளில் கரும்பலகை, வரைபடம், பூகோள உருண்டை, படச்சுருள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் எப்படி மாட்டுவது, எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதில் காட்டப்படுவது சரியா என்று சோதிக்கும் வேலை பாடநூல் குழுவினுடையது, ஆசிரியருடையது அல்ல என்பது எழுதப்படாத விதி. அச்சான பாடநூல் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்துக்கு அந்த விதி பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை எனலாம்.

பெட்டி வந்தது, பாடம் வரவில்லை

1975-76இல் செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. அதில் ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடெங்கும் சில நூறு பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. பல இடங்களில் அந்தக் கணினி, பூட்டிய அறையில் தூசு தட்டி வைக்கப்பட்ட பெருமையாகவே இருந்தது. கணினி பேசியது ஆங்கிலம், ஆசிரியர் பேசியது தமிழ்.

திருப்பம் 1986 தேசியக் கல்விக் கொள்கையோடு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்று முடிவாயிற்று. அந்த நிறுவனங்களின் அமைப்பிலேயே 'கல்வித் தொழில்நுட்பம்' என்று ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் இல்லை, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காட்டில் அடங்கியிருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்தது. விழுப்புரம் மாவட்டத்துக்கான நிறுவனம், மலைமேல் முருகன் கோயில் கொண்ட மயிலத்தில், அதாவது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அமைந்தது.

இந்த மாவட்டத்தில் ஆசிரியர் வேலை என்பது சும்மா ஒரு வேலை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு, விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 72. கரும்பும் நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண்களும் பையன்களும், ஆசிரியப் பட்டயத்துக்கும் பி.எட்.டுக்கும் வந்தார்கள். வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பிள்ளைக்கு, ஆசிரியர் சொன்னதுதான் கடைசிச் சொல். அவர் தப்பாகச் சொன்னால் திருத்த வீட்டில் ஆள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்கவேண்டும்.

பிரவுசிங் சென்டர் காலம்

2000களில் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. பயிற்சி மாணவர்களின் உலகம் ரெக்கார்டு நோட்டு, பாடக்குறிப்பு, சார்ட் பேப்பர், மின்னட்டை, ஆல்பம் இவற்றால் ஆனது. முந்தைய ஆண்டு படித்த அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது பழைய வழக்கம். பேருந்து நிலையத்தின் பக்கத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்ததும் அக்காவின் இடத்தைக் கூகிள் பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்து, அச்சிட்டு, ஆல்பத்தில் ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட மேற்பார்வையாளர்கள் மிகக் குறைவு. கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்த்தவர்களே அதிகம்.

தமிழில் தேடினால் என்ன கிடைத்திருக்கும்? அதற்கும் ஒரு கதை உண்டு. அன்று தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்யம். பாமினியில் தட்டச்சு செய்த கேள்வித்தாளை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு வந்தது. ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். அதுவரை ஆசிரியர் ஒருவர் அரும்பாடுபட்டு உருவாக்கிய பாடக் கோப்பு இன்னொரு ஆசிரியருக்குப் பயன்படாமல் போனது சாதாரணம்.

இதற்கு நடுவிலேயே நல்லவையும் நடந்தன. 1998 பொங்கலில் மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் 2003இல் தமிழ் விக்கிபீடியாவும் வந்தன. திண்டிவனத்தில் ஒரு சங்க இலக்கியப் பதிப்பு வேண்டுமென்றால் சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறவேண்டியிருந்த காலத்தில் இது சாதாரண விஷயமா?

பொறுப்பு என்ற சொல் பாடத்துக்குள் வந்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். 2000இல் இந்தியாவுக்கு வந்த இன்டெல் நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சித் திட்டம், பவர்பாயிண்ட் செய்வதோடு நிற்காமல், இணையத்தில் எடுத்ததற்கு மூலம் குறிப்பிடுவது, பதிப்புரிமை என்றால் என்ன என்பதையும் ஒரு பாடமாக வைத்திருந்தது. ஒரு கம்பெனி தன் சில்லுகளை விற்பதற்காகச் செய்ததுதானே என்று கேட்கலாம். கேட்பதும் நியாயம்தான். ஆனால் நம் ஊர்ப் பி.எட். பாடத்திட்டங்கள் தொடத் தயங்கிய கேள்வியை அது தொட்டது.

ஓமந்தூர்க்காரர் விடுவித்த பாட்டு

பதிப்புரிமை என்றதும் அது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சட்டச் சிக்கல் என்று பயிற்சி மாணவர்கள் நினைப்பதுண்டு. அதன் மிகச் சுவையான அத்தியாயம் ஒன்று திண்டிவனத்துக்காரரோடு சம்பந்தப்பட்டது.

பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமை குடும்பத்திலும் வெளியாரிடமுமாகப் பல கைகளில் பிரிந்தது. அச்சிடும் உரிமை ஓரிடம், இசைத்தட்டு மற்றும் ஒலிபரப்பு உரிமை இன்னோரிடம். கடைசியில் அந்த ஒலி உரிமை ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற, அது வழக்கில் போய் நின்றது. நாட்டுக்காகப் பாடியவனின் பாட்டை நாட்டு மக்கள் பாடுவதற்குத் தடையா என்று கொதித்தெழுந்தார்கள் எழுத்தாளர்கள். பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்று அமைந்தது. நாரண துரைக்கண்ணன், டி.கே.சண்முகம் போன்றவர்கள் திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மா பாரதியைப் பார்த்துச் சம்மதம் வாங்கினார்கள்.

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் பி.ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் அருகே ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை பதவியில் இருந்தார். அவருடைய ஆட்சியின் கடைசி மாதங்களில்தான், 1949இல், பாரதி எழுத்துகளின் உரிமையை அரசே வாங்கிக்கொள்ளும் என்ற முடிவு வந்தது. கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். மெய்யப்பச் செட்டியார் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். 1950களின் நடுவில் பாரதி படைப்புகள் பொதுமக்கள் சொத்தாயின. ஒரு எழுத்தாளரின் உரிமையை ஓர் அரசு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தது அதற்குமுன் உலகில் நடக்காதது என்று இந்த வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதிய ஆ.இரா.வேங்கடாசலபதி எடுத்துக்காட்டுகிறார். பின்னாளில் பாரதிதாசன், அண்ணா, கல்கி என்று பலரின் நூல்கள் நாட்டுடைமை ஆனதற்கு இதுவே முன்மாதிரி.

ஆக, விழுப்புரத்துப் பள்ளி ஆண்டு விழாவில் பாரதி பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிட்டு அதை வீடியோவாகப் போட்டால், அந்தப் பாட்டின் வரிகளுக்காக யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் பின்னணியில் ஓடுகிற இசைப்பதிவு வேறு ஒருவருடையதாக இருக்கலாம்! கவிதை பொது, பதிவு தனி. இந்த நுணுக்கம் பல பட்டதாரிகளுக்கே தெரிவதில்லை.

வகுப்பறைக்கு என்று சட்டமும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலிலிருந்து படியெடுப்பதை மீறல் ஆகாது என்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைமேல் பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2016இல் இந்தப் பிரிவை மாணவர் பக்கமாக விரித்துப் பொருள் சொன்னது. ஆனால் வகுப்பறைக்குள் கிடைத்த இந்தச் சலுகையை, அதே பக்கங்களை யூடியூபில் ஏற்றி விளம்பர வருமானம் பார்ப்பதற்கு அப்படியே நீட்டிக்க முடியாது. பயிற்சி ஆசிரியர்களில் பலர் இன்று வகுப்பு எடுக்கும்போதே சேனலும் நடத்துகிறார்கள். ஆகையால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

பாடத்திட்டத்தில் ஒரு சொல்

2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கியபின், மாநிலத்தின் பி.எட். கல்லூரிகள் ஒரு குடையின் கீழ் வந்தன. 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புது விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாயிற்று. அதோடு வந்த பாடத்திட்டச் சட்டகத்தில் ஒரு தாளின் பெயர்: தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கில் புரிந்துகொள்ளுதல். அதுவரை 'கணினி அறிவு', 'கணினிப் பயன்பாடு' என்று இருந்த இடத்தில் 'விமர்சன நோக்கு' என்று ஒரு சொல் சேர்ந்தது. சின்னச் சொல்தான். ஆனால் பட்டனை அழுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, அழுத்தினால் என்ன வரும், அது யாரைப் பாதிக்கும் என்றும் கேள் என்று அது சொல்கிறது. நடைமுறையில் அந்தத் தாளும் பல இடங்களில் பவர்பாயிண்ட் பயிற்சியாகச் சுருங்கிப்போனது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் அந்த விமர்சன நோக்குக்கு ஒரு செய்முறைப் பாடம் 2017இல் நடந்தது. தமிழ் விக்கிபீடியா அந்த ஆண்டு மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அதே ஆண்டு விக்கிபீடியர்கள் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ந்து பல மாவட்டங்களில் ஆசிரியர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். விக்கிபீடியாவில் எழுத உட்கார்ந்தவுடன் ஒரு ஆசிரியருக்கு முதலில் தெரிவது, அங்கே ஆசிரியர் என்ற மரியாதை செல்லாது என்பதுதான்! பாடநூலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் நீக்கிவிடுவார்கள். ஆதாரம் இல்லாமல் எழுதினால் 'மேற்கோள் தேவை' என்று பக்கத்தில் குறி விழும். யாரோ முகம் தெரியாத பையன் வந்து திருத்துவான். வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவர், கேள்வி கேட்கப்படும் இடத்தில் உட்காருவது நல்ல பயிற்சி. படிப்பவராக மட்டும் இருந்தபோது விக்கிபீடியாவை முழுக்க நம்பியவர்களும், அடியோடு வெறுத்தவர்களும், எழுதிப் பார்த்தபின் அதன் அடிக்குறிப்பைத் தேடிப் படிக்கத் தொடங்குவது இயல்பு.

அதே 2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசின் தீக்ஷா தளம் தொடங்கியது. 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் கியூ.ஆர். குறியீட்டோடு வந்தன. பாடநூலின் மூலையில் இருக்கும் கட்டத்தைக் கைப்பேசியால் பார்த்தால் வீடியோ ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட, சரிபார்க்கப்பட்ட பாடங்கள் ஒரு பக்கம், கட்டுப்பாடில்லாத இணையம் இன்னொரு பக்கம் என்று இரண்டு வாசல்கள் திறந்தன. 2011லிருந்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினியோடு பள்ளியை முடித்த பிள்ளைகளே இப்போது பயிற்சி ஆசிரியர்களாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். கருவி அவர்களுக்குப் பழசு. கேள்விதான் புதுசு.

முதலியார்குப்பம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இந்த நடுக்காலத்தில் கைப்பேசியே பள்ளிக்கூடம் ஆயிற்று. வகுப்பு என்றால் வாட்ஸ்அப் குழு, வீட்டுப்பாடம் என்றால் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்ட வீடுகள் எத்தனையோ. பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியும் திரைக்கு முன்னால் நடந்தது.

அப்போதுதான் யாரும் சொல்லிக்கொடுக்காத சிக்கல்கள் எழுந்தன. பெண் பிள்ளைகளின் கைப்பேசி எண்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தன. ஆசிரியர் இரவு பத்து மணிக்கு மாணவிக்குத் தனிச்செய்தி அனுப்பலாமா? வகுப்பைப் பதிவு செய்தால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கும்? 2021 மே மாதத்தில் சென்னையில் இணைய வகுப்பு ஒன்றைப் பற்றிய புகார்கள் வெடித்தபின், இணைய வகுப்புகளுக்குத் தமிழக அரசு நெறிமுறைகள் வகுத்தது. வகுப்புகளைப் பதிவு செய்யவேண்டும், அவற்றைக் குழு ஒன்று பார்க்கவேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. இவற்றைப் பாடத்திட்டத்தில் முன்பே வைத்திருக்க முடியாதா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் உள்ள முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், அதில் விழுப்புரம் ஒன்று. பிறகு மாநிலம் முழுதும். மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவில் இருக்கும் பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டிப் பாடம் சொல்லவேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். சுமார் 230 ஆண்டுகளுக்கு முன் பெல் குதிரையிலிருந்து பார்த்த காட்சிதான், தன்னார்வலர் கையில் மட்டும் கைப்பேசி.

வருகைப் பதிவு செயலியில். நடந்த வகுப்பின் படம் வாட்ஸ்அப்பில். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஸ்டேட்டஸில் போகும், பிறகு முகநூலில், பிறகு யாருடைய பக்கத்திலோ. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் முதன்மையாக நிறுவனங்களை நோக்கிப் பேசினாலும், தெருவில் பாடம் நடத்தும் அக்காவும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை பெரியவளாகி வேலைக்குப் போகும்போது, கிழிந்த பாவாடையோடு தான் உட்கார்ந்திருந்த படம் இணையத்தில் கிடப்பதை விரும்புவாளா?

மறுபடியும் செஞ்சி

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. செஞ்சிக் கோட்டை பற்றி ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதித் தா என்று கேட்டால், நோக்கம், தயாரிப்பு, வினாக்கள், தொகுப்புரை எல்லாம் தமிழிலேயே வந்துவிழுகிறது. ரெக்கார்டு நோட்டுக்கு அக்காவும் வேண்டாம், கூகிளும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால் இந்த வகை மென்பொருள் இல்லாத நூலையும் இல்லாத கல்வெட்டையும் இருப்பதுபோலவே நயமாகச் சொல்லிவிடும். கூத்துப்பாட்டு தேசிங்கை மிகைப்படுத்தியபோது அது பாட்டு என்று கேட்டவருக்குத் தெரியும். திரையில் வருகிற பத்திக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. ஏற்கெனவே ஆதாரம் பார்க்கப் பழகியவருக்கு இது உதவியாளர், பழகாதவருக்கு இது புதைகுழி.

இந்த மாவட்டத்தில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சந்தேகம் வந்தால் பஸ் ஏறிவிடலாம். செஞ்சியில் ராஜகிரி ஏறிப் பார்க்கலாம். தேசிங்கு இறந்த ஆண்டையும் கோட்டை மதில்களின் காலத்தையும் தொல்லியல் துறை வெளியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தைத் தாங்களே எடுக்கலாம். அப்போது அது யாருடையது என்ற கேள்விக்கு இடமே இல்லை. விரும்பினால் அதை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, அடுத்த ஆண்டு வரும் தங்கைக்கும் முகம் தெரியாத வேறொரு ஊர் ஆசிரியருக்கும் சட்டப்படியே கொடுத்துவிடலாம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அங்கே உள்ளது. பயிற்சி மாணவர்கள் பலர் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருப்பார்கள், இறங்கியிருக்கமாட்டார்கள். உள்ளே ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தவன் விசித்திரசித்தன் என்று அது சொல்கிறது. யார் செய்தது, எதைக்கொண்டு செய்தது, எதைக்கொண்டு செய்யவில்லை, யாருக்காகச் செய்தது என்று எல்லாமே அதில் இருக்கிறது. செஞ்சிக்குப் போகிற பேருந்தில் ஏறினால் நடுவில் இறங்கிப் படித்துவிட்டு, அடுத்த பேருந்தில் கோட்டைக்குப் போய்விடலாம்.